முற்றத்துக் கதவு: தமிழர் மனையில் கதவு மாற்றத்தின் வரலாறு

பழுதுற்ற கதவைக் களைந்து புதுக் கதவு அமைத்தல் எல்லா மனைகளிலும் நிகழும் செயல். அதனை வரலாற்றுப் பொருளாகக் கொண்டு ஆராய்வார் அரியர். கோபுர வாயிலுக்கும் மதில் வாயிலுக்கும் வரலாறு எழுதியோர், இல்லத்தின் உள்ளே முற்றத்தை நோக்கி நின்ற கதவினைப் பெரும்பாலும் கருதாது விட்டனர். தெருக்கதவு காவலுக்கு உரியது. முற்றத்துக் கதவோ காற்றுக்கும் மழைக்கும் ஒளிக்கும் இல்லத்தாரின் தனிமைக்கும் உரியது. ஆதலின், ஒரு மக்களின் இல்வாழ்க்கை மாறிய நெறியை அறிய விரும்புவோர்க்குத் தெருக்கதவினும் முற்றத்துக் கதவே சிறந்த சான்றாகும்.

இன்று நகரிலும் சிற்றூரிலும் பழைய மரக்கதவுகள் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் கண்ணாடியாலும் அலுமினியத்தாலும் நெகிழியாலும் ஆகிய தள்ளுகதவுகள் அமைக்கப்படுகின்றன. இம்மாற்றத்தைச் சிலர் பண்பாட்டின் அழிவு என்பர். சிலர் வசதியின் வளர்ச்சி என்பர். இவ்விரு கூற்றினையும் ஒருபுறம் வைத்து, கதவு இதற்குமுன் எவ்வாறெல்லாம் மாறியது என்பதையும், ஒவ்வொரு மாற்றத்திலும் எது நின்றது, எது நீங்கியது என்பதையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இலக்கியம் காட்டும் கதவு

மரம் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் நிலைப்பதன்று. ஆதலின் பண்டைய இல்லக் கதவுகளைப் பற்றி அறிதற்கு இலக்கியமே முதற்சான்றாக அமைகிறது. சங்க நூல்களுள் கதவினை மிக விரிவாகக் காட்டுவது நெடுநல்வாடை. அரண்மனை வாயிலைக் கூறுமிடத்து, நூலறிந்தோர் நிழல் கொண்டு திசை குறித்துக் கயிறிட்டு அளந்த செய்தியை முதலிற் கூறி, பின்னர்க் கதவின் அமைப்பைப் புலவர் சொல்லுகிறார். பருத்த இரும்பாற் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு அது. அதன் மேலே ஒரு விண்மீனின் பெயர் பெற்ற பெருமரம் கிடக்கிறது. அதில் குவளை மலரும் பிடியும் செதுக்கப்பட்டுள்ளன. கைவல்ல தச்சன் இடைவெளி தோன்றாதவாறு முடுக்கிப் பொருத்தினான். நிலையில் வெண்சிறுகடுகு அப்பி நெய்யணிந்தனர். இவ்வாயிலைக் கடந்தவுடன் புதுமணல் பரப்பிய முற்றம் வருகின்றது. வாயிலும் கதவும் முற்றமும் இந்நிரலில் அமைதல் நோக்கத்தக்கது.

விண்மீனின் பெயர் பெற்ற மரம் யாது? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை உத்தரம் எனக் கொண்டார். உத்திரம் என்னும் நாளின் பெயரோடு அஃது ஒத்துவருகிறது. இன்றும் நம் தச்சர் அம்மரத்தை உத்தரம் என்றே வழங்குகின்றனர். நூலின் சொல் மறைந்திருக்க, தொழிலாளியின் சொல் அதனை விளக்கி நிற்கிறது. மேலும், பாட்டில் மலரும் பிடியும் மட்டுமே சொல்லப்பட்டிருக்க, உரையாசிரியர் அவற்றின் நடுவே திருமகளையும் வைத்து உரை வகுத்தார். தம் காலத்து வாயில்களில் கண்ட உருவத்தை அவர் பாட்டினுள் கண்டார் போலும். செட்டிநாட்டு மனைகளில் நிலையின் மேலமைந்த சூரியப்பலகையில் யானைகள் இருமருங்கும் நிற்கத் திருமகள் வீற்றிருக்கும் செதுக்கு வேலையைப் பார்த்தவர்க்கு இவ்வுரை எளிதில் விளங்கும். பாராதவர்க்கு அஃது உரையாசிரியரின் கற்பனையாகவே தோன்றும்.

அந்நூலின் மற்றோரிடம் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. கூதிர்க் காலத்தில், வேனிலில் தென்றலை வரவழைக்கும் சாளரங்கள் திறவாது கிடக்கின்றன. திண்ணிய நிலையில் ஒன்றோடொன்று பொருந்திய வாயினையுடைய கதவுகள் தாழிடப்படுகின்றன. கதவு பகைவர்க்கு மட்டும் அன்றி வாடைக்கும் அடைக்கப்பட்டது என்பதற்கு இது தெளிவான சான்று. இரு கதவுகளும் இணையும் விளிம்பு பொருந்தி நிற்றலே கதவின் சிறப்பு எனப் புலவர் கருதினார். இன்று வீட்டார் பழைய கதவை மாற்றுதற்கு முதற்காரணமாகக் கூறுவதும் அவ்விளிம்பு விலகிக் காற்றும் மழையும் புகுதலேயாகும். காலம் மாறினும் குறை மாறவில்லை.

எல்லார் மனையிலும் இத்தகைய கதவு இருந்ததாகக் கொள்ளலாகாது. பெரும்பாணாற்றுப்படை ஆயர் குடிலுக்குக் கழிகளை நெருங்கக் கட்டிய கதவினையே கூறுகின்றது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வேலி வாயிலைப் படலை என்பர். படல் என்னும் பழஞ்சொல்லின் வழிவந்த அவ்வழக்கு, இரும்புக் கதவு அமைந்த பின்னும் அங்கு நீங்கவில்லை. மதுரைக்காஞ்சியோ, நெய் பூசிப்பூசிக் கருமை படிந்த பெருங்கதவினைக் காட்டுகின்றது. மரத்திற்கு எண்ணெயூட்டிக் காத்தல் அன்றே வழக்கில் இருந்தமை இதனால் விளங்கும்.

கதவு அறத்திற்கும் எல்லையாக நின்றது. மாலையில் வாயில் அடைப்போர் உள்ளே வருவார் உளரோ என வினவும் வழக்கத்தைக் குறுந்தொகைப் பாட்டொன்று குறிக்கின்றது. கீரந்தையின் மனைக்கதவைத் தட்டிய பாண்டியன் தன் கையையே குறைத்துக்கொண்ட கதையைச் சிலப்பதிகாரம் எடுத்தாள்கிறது. அரசனேயாயினும் ஒரு குடிமகனின் கதவு அவனைத் தடுக்கும் என்னும் கருத்தை இதனினும் வலிமையாக உரைத்தல் அரிது.

2. குடுமியிலிருந்து கீலுக்கு

கதவின் வரலாற்றை மரத்தின் வகையாலும் செதுக்கு வேலையாலும் பகுப்பர். அதனினும் கதவு எவ்வாறு அசைகின்றது என்பதால் பகுத்தல் பொருத்தம் உடைத்து. அவ்வாறு பகுப்பின் குடுமிக் கதவு, கீற்கதவு, தடக்கதவு என மூன்று நிலைகளைக் காணலாம்.

குடுமிக் கதவாவது, பலகையின் ஒரு விளிம்பில் மேலும் கீழும் நீண்ட முளைகளை உடையது. மேல்முளை உத்தரத்தின் குழியிலும் கீழ்முளை படியின் குழியிலும் பொருந்திச் சுழலும். கற்கோயில்களின் வாயில்களில் இக்குழிகளை இன்றும் காணலாம். இல்லக் கதவிற்கு இலக்கியச் சான்று கலிங்கத்துப்பரணியில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்நூலின் கடைதிறப்புப் பகுதியில், கணவரின் வரவு நோக்கிய மகளிர் விடியுமளவும் கதவைத் திறந்தும் அடைத்தும் குடுமியைத் தேய்த்தனர் எனப் பாடுகிறார் சயங்கொண்டார். காதலின் மிகுதியைச் சொல்ல வந்த பாட்டு, அக்காலக் கதவின் பொறியமைப்பையும் அதன் பழுதையும் நமக்குச் சொல்லிவிடுகிறது. குடுமி தேய்தலே அக்கதவின் முதுமை.

குடுமிக் கதவிற்கு ஓர் இயல்பு உண்டு. நிலையைக் கூட்டும்போதே கதவினையும் அதனுட் பொருத்துதல் வேண்டும். உத்தரமும் படியும் கதவினை இருபுறமும் பற்றி நிற்றலால், பின்னர் அதனை வாங்குதல் எளிதன்று. நிலையும் கதவும் ஓருடம்பு எனலாம். நிலை வைத்தலை ஒரு மங்கல வினையாக நம்மவர் நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். மஞ்சளும் குங்குமமும் இட்டு, ஒன்பான் தானியமும் காசும் அடியிலிட்டு நிலை நிறுத்தும் இக்கால வழக்கம், நெடுநல்வாடை கூறும் சிறுகடுகும் நெய்யும் அணிந்த நிலையை நினைவூட்டுகிறது.

இரும்புக் கீல் பெருவழக்காகியபின் இவ்வொருமை நீங்கிற்று. கீலின் ஆணிகளைக் கழற்றின் கதவு தனியே வரும். நிலை சுவரோடு நிற்கும். பழைய நிலையில் புதுக்கதவு என்னும் நிலைமை எளிதானது இக்காலத்தேயாம். மாற்றத்திற்கு இடந்தந்தது கீல். ஆயினும் நிலை நின்றமையால் வாயிலின் அளவும் படியும் சூரியப்பலகையும் நின்றன. ஒருவர் கதவை மாற்றினாலும் வீட்டின் முகம் மாறவில்லை.

இடைக்காலத்தே அயற்சொற்களும் புகுந்தன. 16ஆம் நூற்றாண்டு முதற்கொண்ட போர்ச்சுகீசியர் தொடர்பால் சன்னல், சாவி, அலமாரி என்னும் சொற்கள் தமிழில் நிலைபெற்றன. காற்றின் வழி எனப் பொருள்படும் காலதர் என்னும் அழகிய சொல் நூலளவில் ஒடுங்கிற்று, பலகணி அருகிற்று. யாழ்ப்பாணத்தார் சாவியைத் திறப்பு என்றே வழங்குதல் இங்கு ஒப்புநோக்கற்பாலது. எனினும் கதவு, நிலை, படி, தாழ் என்னும் நான்கும் அயற்சொல்லுக்கு இடங்கொடாது நின்றன. பொருள் நிற்குமளவும் சொல் நிற்கும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டு.

3. பருமாத் தேக்கும் செட்டிநாட்டு மனையும்

பழைய கதவு என்றவுடன் இன்று பலர் நினைவில் எழுவது செட்டிநாட்டுக் கதவே. ஆனால் அக்கதவும் ஒருகாலத்துப் புதுக்கதவே என்பதை மறத்தல் ஆகாது. வேம்பும் வேங்கையும் இலுப்பையும் பலாவும் அளித்த மரத்தாற் செய்த முன்னைக் கதவுகளை நீக்கிவிட்டு வந்தது பருமாத் தேக்கு. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பருமாவைக் கைக்கொண்டனர். 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. பருமா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. வயல் திருத்தும் உழவர்க்குக் கடன் தந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் பெருஞ்செல்வம் எய்தினர். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் 1940கள் வரை அச்செல்வம் காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களில் மனைகளாக எழுந்தது.

அம்மனைகளின் அமைப்பு கதவினைப் பற்றிய நம் ஆய்வுக்கு மிகவும் உரியது. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீண்ட மனை. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த பகுதிகள். இவற்றை ஊடறுத்துச் செல்லும் நேர்கோட்டில் வாயில்கள். தலைவாயிலில் நிற்பவர் பின்வாயிலின் ஒளியைக் காண இயலும். நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் வெங்காற்று மேலெழ, வாயில்களின் வழியே குளிர்ந்த காற்று உட்புகும். இரட்டைக் கதவு முற்றும் திறக்கும் ஆதலின் வாயிலின் முழு அளவும் காற்றுக்குப் பயன்பட்டது. முற்றத்தைச் சூழ்ந்த அறைகள் திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் உரியன. கூட்டுக் குடும்பத்தினுள் தனிமையை வரையறுத்தது அவ்வறையின் கதவும் பூட்டுமேயாம்.

இக்கதவுகளின் அழகை வியக்கும்போது அவற்றின் மறுபக்கத்தையும் வரலாற்று மாணவர் அறிதல் வேண்டும். 1929இல் தோன்றிய பொருளாதார வீழ்ச்சியால் நெல்விலை சரிந்தது. உழவர் கடன் இறுக்க இயலாராயினர். கீழ்ப் பருமாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடாயிற்று. நிலம் இழந்த உழவரின் துயரமும் அந்நாட்டில் எழுந்த பகையும் வரலாற்றில் பதிந்துள்ளன. 1942இல் சப்பானியர் படையெடுப்பால் தமிழர் பல்லாயிரவர் கால்நடையாக வெளியேறினர். 1948இல் பருமா விடுதலை பெற்றபின் நிலம் நாட்டுடைமையாயிற்று. 1963, 1964ஆம் ஆண்டுகளில் வங்கியும் வணிகமும் நாட்டுடைமையாயின. ஆதலின் ஒரு செட்டிநாட்டுத் தேக்குக் கதவு தச்சரின் திறனுக்கு மட்டும் அன்றி, ஐராவதி ஆற்றுப்படுகையின் கடன் வரலாற்றுக்கும் சான்றாக நிற்கின்றது.

செல்வம் வரண்டபின் மனைகள் பல உரிமையாளர்க்குப் பொதுவாகி நின்றன. பழுது நீக்குவார் இலராயினர். பலர் மனையைப் பிரித்து விற்றனர். தூணும் நிலையும் கதவும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளை அடைந்து, அங்கிருந்து உணவு விடுதிகளின் மேசைப் பலகைகளாகவும் சுவர் அணிகளாகவும் தொலைவிடங்களுக்குச் சென்றன. மியன்மா அரசு 2014 ஏப்பிரலில் வெட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்தது. அத்தகைய தேக்கு எளிதிற் கிட்டாத இக்காலத்தில் பழங்கதவு பொருள்மதிப்பு மிக்கதாயிற்று. கதவு காக்கப்படுகிறது, ஆனால் அது நின்ற வாயிலிலிருந்து பிரிக்கப்படுகிறது. ஊரும் மனையும் அறியாத கதவு, இடங்குறியாத கல்வெட்டினை ஒக்கும்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா அருங்காட்சியகம், பிரித்தெடுத்த செட்டிநாட்டு மனையை மீளக் கூட்டி நிறுத்தியமை இக்குறையை ஓரளவு நீக்கிய நன்முயற்சி. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

4. தடக்கதவும் கண்ணாடியும்

மூன்றாம் நிலையாகிய தடக்கதவு சுழல்வதன்று, தடத்தின்மீது நகர்வது. சப்பானியர் மனையில் தாளொட்டிய நகர்கதவு நெடுங்காலமாக உண்டு. பெருங்கண்ணாடியால் அமைந்த தள்ளுகதவு உலகெங்கும் பரவுதற்கு வழிவகுத்தது மிதவைக் கண்ணாடி முறையாகும். உருகிய வெள்ளீயத்தின்மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தேய்ப்பு வேலையின்றியே தட்டையான பலகை பெறும் இம்முறையை, இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. தமிழகத்தில் 1960களில் மேட்டூர் அலுமினிய ஆலை தோன்றிற்று. 2000ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரில் செயிண்ட் கோபைன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை தொடங்கியது. சட்டமும் கண்ணாடியும் அண்மையிலேயே கிடைத்தமையால், மரமும் தச்சரும் அரிதாகிய காலத்தில் தள்ளுகதவு எளிதாகப் பரவிற்று.

இதன் நன்மைகள் மறுத்தற்குரியன அல்ல. செல் அரிப்பதில்லை, மழையில் உப்புவதில்லை, கதவு சுழலுதற்கு இடம் வேண்டுவதில்லை, முற்றத்திலோ தோட்டத்திலோ விளையாடும் குழந்தையை உள்ளிருந்தே காணலாம். முதியோர்க்கு கனத்த தேக்குக் கதவினும் இது எளிது. ஆயினும் மூன்று குறைகளைச் சுட்டலாம். முதலாவது, இரு பலகைகளாலாகிய தள்ளுகதவில் ஒரு பாதியே திறக்கும். வாயில் பத்தடி அகலமாயினும் காற்றுக்கு ஐந்தடியே வழி. இரண்டாவது, 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி 40 மில்லிமீட்டர் தேக்குப் பலகையினும் இருமடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஞாயிற்றின் கதிரையும் நேரே உள்விடும். மூன்றாவது, இக்கதவோடு பழைய நிலையும் படியும் பெயர்க்கப்படுகின்றன. கீல் காத்த நிலையைத் தடம் காக்கவில்லை.

இரட்டைக் கண்ணாடி அமைத்தல் குளிர்நாட்டில் பயன்மிக்கது. நம் நாட்டிலோ வெயிலை மறைத்தலும் காற்றுக்கு வழிவிடுதலுமே முதன்மை. 2018இல் நடுவணரசு வீடுகளுக்கென வெளியிட்ட ஆற்றல் நெறிமுறை, வெப்பமும் ஈரமும் மிக்க மண்டலத்தில் தளப்பரப்பின் 16.66 விழுக்காட்டுக்குக் குறையாத திறப்பு வேண்டும் என்கிறது. கூதிரில் அடைத்து வேனிலில் திறந்த நெடுநல்வாடையின் மனை, இந்நெறியை அளவு கூறாமலே கைக்கொண்டிருந்தது.

5. கதவோடு நீங்கும் சொற்கள்

இம்மாற்றம் தமிழ் மாணவர்க்கு வேறொரு வகையிலும் உரியது. கதவை அடைத்தல், சாத்துதல், தாழிடுதல், ஒருக்களித்தல் என்பன ஒரு பொருட் சொற்கள் அல்ல. சாத்திய கதவு தாழிடாதது. ஒருக்களித்த கதவு சிறிதே திறந்தது. அதன் பின்னே ஒருவர் நின்று கேட்கலாம், காணலாம், நாணலாம். கோயிலில் கதவு அடைத்தலைத் திருக்காப்பிடுதல் என்பர். நாதாங்கி, கொண்டி, குடுமி, தாழக்கோல் என்பன உறுப்பின் பெயர்கள். தள்ளுகதவிற்கோ தள்ளுதலும் இழுத்தலுமே உண்டு. ஒருக்களித்தல் என்பதற்கு அங்கே இடம் இல்லை.

குடுமிக் கதவு காணாத மாணவர்க்குச் சயங்கொண்டாரின் பாட்டில் தேய்வது யாது என்பது விளங்காது. குடுமி என்பதற்குத் தலைமயிர் முடி என்று பொருள் கொண்டு இடர்ப்படுவர். அகராதி பொருளைத் தரும், அசைவைத் தராது. திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறள் தாழை உவமையாகக் கொண்டது. அகத்தே கிடந்து இரு கதவினையும் பிணிக்கும் தாழைக் கண்டவரே அவ்வுவமையின் உள்ளுறையை முற்றும் உணர்வர். சாவி வெளியினின்று திறப்பது; தாழ் உள்ளிருப்பவரே நீக்குதற்குரியது. இவ்வேறுபாட்டை இழப்பின் குறளின் நயமும் ஒருபுடை இழக்கப்படும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. தமிழர் மனையில் கதவு என்றும் மாறாது நின்றதன்று. கழிக்கதவும் நாட்டுமரக் கதவும் பருமாத் தேக்குக் கதவும் கண்ணாடிக் கதவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாற்றம் குற்றமன்று, குடுமி தேய்ந்த கதவை வைத்துக்கொண்டு மழையில் நனைக என வீட்டாரைப் பணித்தல் ஆராய்ச்சியாளர்க்கு உரிய செயலும் அன்று. ஆனால் முன்னை மாற்றங்களில் நிலையும் படியும் சொல்லும் நின்றன. இன்றைய மாற்றத்தில் மூன்றும் ஒருங்கே நீங்குகின்றன. இதுவே இம்மாற்றத்தின் தனித்தன்மை.

ஆதலின் நம் துறைகளுக்கு ஒரு கடமை உண்டு. ஏட்டுச்சுவடி அழியுமுன் படியெடுத்தது போலக் கதவு அகற்றப்படுமுன் அதனைப் பதிவுசெய்தல் வேண்டும். ஊர், மனை, வாயிலின் திசை, மரம், அளவு, அசையும் முறை, செதுக்கிய உரு ஆகியவற்றோடு, ஒவ்வோர் உறுப்பிற்கும் அவ்வூர்த் தச்சரும் வீட்டுப் பெண்டிரும் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுதல் முதன்மையானது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் பத்து மனைகளைப் பதிவுசெய்யினும், உத்தரம் என்னும் ஒரு சொல்லால் நெடுநல்வாடைக்கு விளக்கம் கிடைத்தது போல, இன்னும் விளங்காத பல இடங்களுக்கு ஒளி கிடைக்கும். நூலை ஆராய்வதற்கு மனையை ஆராய்தலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.